வானம் வெளுத்தா முகம் இருளுது: மாமாவை வாவியில வைச்சுப் படம் எடுத்த ஒம்பது பின்னேரம்

மாமாட முகம் தெரியிற மாதிரி ஒரு படம் எங்கட வீட்டில இல்ல. பழைய அல்பம் ரெண்டும் 2004 டிசம்பர் சுனாமியோட போயிட்டு, அதுக்குப் பிறகு எடுத்ததெல்லாம் போனில எடுத்தது, அவரோ எந்த நேரமும் வாவியில நிக்கிற மனிசன், தோணியில நிண்டு வலை வீசுறார், பின்னால பெரிய வானம், படத்தில பாத்தா தலையும் சாரனும் வலையும் கறுப்பு அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். பாக்கிற ஆக்கள் வடிவு எண்டுதான் சொல்லுவாங்க. மாமி மட்டும் ஒரு நாள் போனை வாங்கி, தள்ளித் தள்ளிப் பாத்திட்டு, "வலை தெரியிது, தோணி தெரியிது, உங்கட மாமா எங்க மனே?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வியோடதான் இந்த வேலையைத் தொடங்கினன். ஜூலை மாசம், மொத்தம் ஒம்பது பின்னேரம் போச்சு, எது சரிவந்தது எது சரிவரல்ல எண்டு எழுதி வைக்கிறன், வாவிக்கரையில கடற்கரையில படம் எடுக்கிற ஆக்களுக்கு உதவும்.

முதல்ல இடத்தைச் சொல்லணும். எங்கட ஊர் மட்டக்களப்பில, எழுவான்கரையில, கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற நிலம். வாவிக்கு அங்கால படுவான்கரை. பொழுது எழும்புற கரை, பொழுது படுற கரை எண்டு வெளிச்சத்தை வைச்சே எங்கட ஆக்கள் ஊருக்குப் பேர் வைச்சிருக்கிறாங்க, கமரா தூக்கிற எனக்கு அந்த ரெண்டு பேரும் போதும். வாவிக்கரையில நிண்டு தண்ணிப் பக்கம் பாத்தா மேற்கு, பின்னேரத்தில தண்ணியில நிக்கிற ஆள் எங்களைப் பாத்தா வெயில் அவர்ட முதுகில. கடற்கரையில இதுவே தலைகீழ், விடியக்காலையில கடலைப் பின்னால வைச்சு எடுத்தா முகம் இருட்டு, அதே இடத்தில பின்னேரம் நாலரைக்கு எடுத்தா முகத்தில நல்ல வெயில், பின்னால நீலக் கடல். அதால சூரியன் படத்துக்குள்ள வேணாம் எண்டா, கடலுக்குப் பின்னேரம் போங்க, வாவிக்கு விடியப் போங்க, ஒரு சாமானும் தேவையில்ல, காசும் தேவையில்ல. எனக்கு அது ஒத்துவரல்ல, ஏனெண்டா மாமா வலையோட இறங்கிறது பின்னேரம், விடிய அவர் மீனைக் குடுத்திட்டு வந்து படுத்திடுவார். அவர்ட வேலை நேரத்து வெளிச்சத்திலதான் அவரை எடுக்கணும் எண்டு எனக்கு ஆசை.

என்ட கமரா கெனன் 700டி, கூட வந்த 18-55 லென்ஸும் பிறகு வாங்கின 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் இருக்கு. முதல் பின்னேரம் ஒண்டுமே மாத்தாம அஞ்சேகாலுக்கு எடுத்தன். வழக்கம் போல கறுப்பு உருவம். இது ஏன் எண்டா, கமராக்குள்ள வெளிச்சம் அளக்கிற மீட்டர், தான் பாக்கிறதை எல்லாம் சேத்து ஒரு நடுத்தரச் சாம்பலாக்கப் பாக்கும், விழுற வெளிச்சத்தில ஒரு 18 வீதம் திருப்பி விடுற சாம்பல். படத்தில முக்கால்வாசி பளீரெண்ட வானம், அந்த வானத்தைச் சாம்பலாக்கிறதுக்காக வெளிச்சத்தைக் குறைக்குது, அதோட சேந்து மாமாவும் இருளுறார். அடுத்து ஸ்பொட் மீட்டரிங்கைப் போட்டன், அது நடுவில ஒரு சின்ன வட்டத்தை மட்டும் பாக்கும், 700டியில படத்தில 4 வீதம். ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணருற அளவு) 100, எஃப் (லென்ஸ் திறக்கிற அளவு) 8 எண்டு நிப்பாட்டி வைச்சு ஷட்டர் நேரத்தை அளந்தா, சூரியனுக்குக் கிட்ட இருந்த வானத்துக்கு 1/1600 செக்கன், மாமாட முகத்துக்கு 1/50. அஞ்சு ஸ்டொப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டொப்பும் ரெண்டு மடங்கு எண்டா ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அதாவது வானம் முகத்தை விட 32 மடங்கு வெளிச்சம். எங்கட கண் அங்க ஒருக்கா இங்க ஒருக்கா பாத்து ரெண்டையும் சேத்து விளங்கிக்கொள்ளும், கமராவுக்கு ஒரே தரத்தில ரெண்டையும் அள்ள ஏலாது. எனக்கு இந்தக் கணக்கு விளங்கின பிறகுதான், கமராவில எந்த பட்டனைத் தட்டினாலும் இது தீராது, ஒண்டில் வானத்தை விட்டுக் குடுக்கணும் இல்லாட்டி முகத்துக்கு வெளிச்சம் கொண்டு போகணும் எண்டு தெளிவாச்சு.

ரெண்டாம் நாள் வானத்தை விட்டுக் குடுத்தன். மீட்டர் சொல்ற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் கொம்பென்சேஷனை +1, +1.7, +2 ஸ்டொப் எண்டு ஏத்தி ஏத்தி எடுத்தன். முகம் வந்திட்டு. வானம் வெள்ளைக் கடதாசி, படுவான்கரைத் தென்னையெல்லாம் வெளிச்சத்துக்குள்ள கரைஞ்சு போச்சு, மாமாட தோள் ஓரமும் பிஞ்சு போன மாதிரி. அவசரத்துக்கு இது காணும், போனில எடுக்கிற ஆக்களுக்கும் இதுதான் முதல் மருந்து: முகத்தில விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, அந்த அளவு பூட்டிக்கொள்ளும், பக்கத்தில ஒரு சூரியன் அடையாளம் வரும், அதை மேல இழுங்க, மறுகா ஆளை அரக்கி வைச்சு எடுக்கலாம். கல்லடிப் பழைய பாலத்தில நிண்டு பொழுது படுறதை வைச்சு செல்பி எடுக்கிற பிள்ளைகளுக்கு இதை மட்டும் காட்டிக் குடுத்தன், அஞ்சு நிமிசத்தில பிடிச்சிட்டாங்க. எச்டிஆர் ரெண்டு மூண்டு படத்தை அடுக்கிச் சேக்கிறது, ஆள் ஆடாம நிண்டா நல்லா வரும், வீசின வலையில வைச்சா நூல் எல்லாம் ரெட்டை ரெட்டையா வந்திச்சு.

இந்த இடத்தில நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். மாமா நல்ல கறுப்பு. அறுபது வருசத்துக்கு மேல வெயில் பட்ட கறுப்பு, அதில ஒரு செம்பு நிறம் ஓடும். ஸ்பொட் மீட்டரை அவர்ட கன்னத்தில வைச்சு அது சொன்ன 1/50 இல எடுத்தா, மீட்டர் அந்தக் கன்னத்தையும் நடுச்சாம்பலாக்கித்தான் தரும், மாமா வேற ஆரோ ஒரு வெளுத்த ஆள் மாதிரி வாறார். 1/80 க்கு இறக்கினாத்தான், அதாவது ஒரு மூண்டில ரெண்டு ஸ்டொப் குறைச்சாத்தான், மாமா மாமாவா வந்தார். வெள்ளையா இருக்கிற ஆளுக்கு இது மற்றப் பக்கம், ஒள்ளுப்பம் கூட்டணும். கன்னத்தை அளக்கிறதை விட எனக்கு இப்ப பிடிச்ச வழி உள்ளங்கை. ஆள் எந்த நிறமா இருந்தாலும் உள்ளங்கைகளுக்குள்ள பெரிய வித்தியாசம் இல்ல, நடுச்சாம்பலை விட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் வெளிச்சம். மாமாட முகம் பாக்கிற பக்கமே என்ட கையையும் நிழலில பிடிச்சு, அதில அளந்து, +1 போட்டு, மனுவல்ல பூட்டி விட்டிடுறன். அதுக்குப் பிறகு வானம் படத்துக்குள்ள கூட வந்தாலும் குறைய வந்தாலும் முகம் மாறாது. முகத்தைக் காட்டுறது எண்டா வெளுக்க வைக்கிறது எண்டு நினைச்சுத்தான் நிறையப் படம் பழுதாகுது, போனில பியூட்டி போட்டிருந்தா அதையும் நிப்பாட்டிட்டு எடுங்க.

மூண்டாம் நாள், ரோவில, அதாவது கமரா பிடிச்சதை அப்பிடியே வைக்கிற பைலில எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில தூக்கலாம் எண்டு பாத்தன். ஜேபெக்கில ஒரு நிறத்துக்கு 256 படிதான், 700டி ரோவில 14 பிட், 16384 படி, அதால இருட்டுக்குள்ள நிறைய ஒளிஞ்சிருக்கும். நடுவால 1/250 இல எடுத்தன், வானம் கொஞ்சம் தப்பிச்சுது, இருட்டுப் பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிற ஷடோஸை இழுத்து முகத்தைத் தூக்கினன். ஒரு ஸ்டொப் வரைக்கும் வடிவா வந்தது. அதுக்கு மேல தூக்கத் தூக்க கன்னத்தில மண் தூவின மாதிரி நொய்ஸ், செம்பு நிறம் போய் சாம்பல் படிஞ்சுது. இருட்டில இருக்கிறதைத் தூக்கினா குறையோட எண்டாலும் ஏதும் வரும், வானம் வெளுத்து முடிஞ்சா அதில இருந்து ஒண்டும் வராது, இது மட்டும் ஞாபகத்தில வைச்சுக்கொள்ளுங்க.

இனி நான் கனக்க நேரம் செலவழிச்ச விசயம், வெளிச்சத்தை முகத்துக்குக் கொண்டு போறது.

மாமாட மீன் பெட்டி ரெஜிபோம் பெட்டி, அதுக்கு வெள்ளை மூடி, ரெண்டடி நீளம். வெயில் முதுகுப் பக்கம் இருந்து வருதெண்டா, ஆளுக்கு முன்னால பிடிக்கிற வெள்ளைச் சாமான் எதுவும் அந்த வெயிலை வாங்கி முகத்தில திருப்பி விடும், பின் வெளிச்சத்தில நல்லது எண்டு ஒண்டு இருந்தா அதுதான். மச்சான், மாமாட மூத்தவன், இடுப்பளவு தண்ணியில நிண்டு மூடியைப் பிடிச்சான். அவன் அரக்கி அரக்கி ஆழத்துக்குப் போக, "அங்கால முதலை கிடக்கிற இடம், இஞ்சால வாடா" எண்டு மாமா ஏசினார், அதோட கரைப்பக்கமாத் தோணியைக் கொண்டு வந்தம். ஆறடி தூரத்தில மூடி இருக்கேக்க முகத்தில ஒரு மாற்றமும் தெரியல்ல. மூண்டடிக்குக் கொண்டு வந்தா கண்ணுக்கே தெரிஞ்சுது, கண்குழி ரெண்டும் திறந்த மாதிரி. தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு, இந்தக் கணக்கு தெரியாமத்தான் கனபேர் ரிஃப்லெக்டரைத் தூர வைச்சுப் பிடிச்சிட்டு இது வேலை செய்யாது எண்டு எறியிறாங்க.

மூண்டடியிலயும் வானத்தோட போட்டி போடக் காணல்ல, இன்னும் வேணும். வீட்டில பால்மா பக்கெட் சேத்து வைச்சிருந்த மாமிட்டக் கேட்டு வாங்கினன். 400 கிராம் பக்கெட்டை வெட்டி விரிச்சா உள்பக்கம் நல்ல வெள்ளி. பன்னிரண்டு பக்கெட், கழுவிக் காய வைச்சு, மூடியிட மற்றப் பக்கத்தில ரெட்டைப் பக்க டேப்பால ஒட்டினன். முதல் தரம் வழுவழுப்பா ஒட்டினது பிழை, கண்ணாடி மாதிரி ஒரு துண்டு வெயில் மூக்கில மட்டும் விழுந்து, மற்ற இடம் அப்பிடியே இருட்டு. எல்லாத்தையும் உரிச்சு, கையால நல்லாக் கசக்கி, திருப்பி விரிச்சு ஒட்டினன். கசங்கின ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தைச் சிதறும், அதால முகம் முழுக்கப் பரவி விழும். பிடிக்கிற முறையும் இருக்கு. வெயில் திட்டு எங்க விழுது எண்டு முதல்ல தண்ணியில பாக்கணும், பிறகு மூடியை மெல்ல நிமித்த நிமித்த அந்தத் திட்டு தோணி விளிம்பில ஏறி, சாரனில ஏறி, நெஞ்சில ஏறி, முகத்துக்கு வரும். வந்த உடனே நிப்பாட்டணும். கீழ இருந்து அடிச்சா மூக்குக்குக் கீழ வெளிச்சமும் கண்ணுக்கு மேல நிழலுமா முகம் பயங்கரமா வரும், அதால மச்சானை மூடியைத் தலைக்கு மேல தூக்கி, கொஞ்சம் பக்கவாட்டில பிடிக்கச் சொன்னன்.

"கண்ணக் குத்துது மருமகன், எரியிது" எண்டார் மாமா. உண்மைதான், வெள்ளி கண்ணுக்குச் சரியான கஷ்டம், அதுவும் வயசான ஆக்களுக்கு. அதுக்கு ஒரு வழி, கண்ணை மூடிக்கொண்டு நிக்கச் சொல்லி, மூண்டு வரைக்கும் எண்ணித் திறக்கச் சொல்லி, திறந்த அந்த நொடியில எடுக்கிறது. இப்பிடி எடுத்த படங்கள் நல்லாத்தான் வந்தது, ஆனா மாமா படத்துக்கு நிக்கிற மாமாவா வந்தார், வலைக்காரனா வரல்ல. ரெண்டு நாள் அதோட போச்சு. அதில ஒரு நாள் கச்சான் காத்து தூக்கி அடிச்சு மூடி மச்சான்ட கையால பறந்து, நடுவால முறிஞ்சு, பன்னிரண்டு பக்கெட்டும் தண்ணிக்குள்ள, எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துத்தான் கரைக்கு வந்தம். ஜூலையில கச்சான் படுவான்கரை வயலுக்கால வந்து பின்னேரத்தில பலமா அடிக்கும், பொழுது படுற நேரம் தணியும், அதுக்கேத்த மாதிரி நேரம் எடுங்க, மூடிக்குப் பின்னால ஒரு கம்பு குறுக்கால கட்டுங்க.

பிளாஷையும் பாத்தன். 700டியிட சின்ன பிளாஷுக்கு கைட் நம்பர், அதாவது பிளாஷிட பலத்தைச் சொல்ற எண், 13, ஐஎஸ்ஓ 100 க்கு மீட்டர் கணக்கில. அதை எஃப் நம்பரால பிரிச்சா எவ்வளவு தூரம் எட்டும் எண்டு வரும். நல்ல வெயிலில வானத்தைக் காப்பாத்த 1/200, எஃப் 11 வேணும், அப்ப 13 ஐ 11 ஆல பிரிச்சா 1.2 மீட்டர், கை நீட்டினா தொடுற தூரம். இந்தக் கமராவில பிளாஷோட 1/200 க்கு மேல ஷட்டரைக் கூட்ட ஏலாது, அதால எஃப் நம்பரைக் குறைக்கிறதுக்கும் வழியில்ல. பொழுது சாஞ்சு எஃப் 5.6 க்கு வந்தா 2.3 மீட்டர், அப்ப உதவும். உதவின படத்தில முகம் நீலம் பிடிச்ச வெள்ளையா, பின்னால வானம் செம்மஞ்சள், வேற எங்கயோ எடுத்த தலையைக் கொண்டு வந்து வைச்ச மாதிரி. செம்மஞ்சள் டொபிக் கடதாசி ஒண்டை பிளாஷுக்கு முன்னால ஒட்டி, பிளாஷ் கொம்பென்சேஷனை -1 க்கு இறக்கினதோட அந்த வித்தியாசம் மறைஞ்சுது. கலியாண வீட்டில, கோயில் திருவிழாவில அவசரமா எடுக்கிற ஆக்களுக்கு இந்த வழிதான் லேசு.

இடையில ஒரு நாள் எடுத்த எல்லாப் படத்திலயும் முகத்துக்கு மேல ஒரு பால் மாதிரிப் படலம். லென்ஸைச் சரிச்சுப் பாத்தா உப்பு. காலையில கடற்கரைக்குக் கொண்டு போனது, துடைக்காம வந்திட்டன். வெயிலைப் பின்னால வைச்சு எடுக்கேக்க லென்ஸில இருக்கிற ஒரு விரல் அடையாளம் கூட முழுப் படத்தையும் மங்கலாக்கும். முதல்ல ஊதி மண்ணைப் போக்கிட்டு, மெல்லிய துணியை ஒள்ளம் ஈரமாக்கித் துடைச்சு, காஞ்ச துணியால மறுகா ஒருக்கா. சூரியனை ஆளிட தலைக்குப் பின்னால சரியா மறைச்சு நிண்டாலும் படலம் குறையும், முடியில ஒரு வெள்ளி ஓரமும் கிடைக்கும்.

ஏழாம் நாள் கமராவில ஒண்டும் மாத்தாம, நான் நிக்கிற இடத்தை மாத்தினன். கரையில ஒரு மேடு, அதில ஏறி நிண்டு பாத்தா மாமாவுக்குப் பின்னால வானம் இல்ல, கண்ணாக்காடும் (கண்டல் மரங்கள்) தண்ணியும்தான். பச்சை இருட்டுப் பின்னணி, அளந்து பாத்தா முகத்துக்கும் பின்னணிக்கும் ஒண்டரை ஸ்டொப்தான் வித்தியாசம். தாழ இருந்து எடுத்தா வானம் கூடும், மேல ஏறி எடுத்தா வானம் குறையும், இவ்வளவு லேசான விசயத்தை முதல் நாளே செய்திருக்கணும். அண்டைக்கு எடுத்த படங்கள் எல்லாம் நல்ல படம்தான். ஆனா மாமிக்குக் காட்டினா, "எங்கட வாவியிட வானம் வரணும் மனே" எண்டா. அவ சொன்னது எனக்கும் சரியாப் பட்டுது, மாமாவை நினைச்சா அந்த வானத்தோடதான் நினைவு வரும்.

கடைசியா வந்த படம் சூரியன் போன பிறகு எடுத்தது. ஜூலையில பொழுது நேர் மேற்கில படாது, நல்லா வடக்குப் பக்கமா ஒதுங்கிப் படும், அதால தோணியை முதலே தெற்கால அரக்கி நிப்பாட்டி, செம்மஞ்சள் பக்கம் அவர்ட இடத்தோளுக்குப் பின்னால வாற மாதிரி வைச்சன். ஆறு இருபது தாண்டி சூரியன் மறைஞ்சுது. எங்கட பக்கம் சூரியன் நேரா இறங்கிறதால மறைஞ்ச பிறகு கிடைக்கிறது இருபது நிமிசம் சொச்சம்தான், அதுக்குள்ள வானம் வேகமா இறங்கி வரும், கிழக்கு வானத்தில மிச்சம் இருக்கிற மெல்லிய வெளிச்சம் மாமாட முகத்தில விழும். பத்து நிமிசம் கழிச்சு உள்ளங்கையில அளந்தா அஞ்சு ஸ்டொப் வித்தியாசம் ரெண்டாக் குறைஞ்சு இருந்தது. 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 400. மச்சான் புது மூடியிட வெள்ளைப் பக்கத்தைக் கிட்டவாப் பிடிச்சான், கரையில பத்தி நிண்ட வீட்டு லைட் அதில பட்டு ஒரு சின்ன வெளிச்சம்.

மாமா அந்த நேரம் எங்களை மறந்திட்டார். வலையை அலசி, அதில சிக்கின மணலையைக் கழட்டிக்கொண்டு நிண்டார். நான் "மாமா, ஒருக்கா இஞ்சால கிறுகுங்க" எண்டன். ஆள் கிறுகினார், சிரிக்கல்ல, என்ன எண்டு கேக்கிற பார்வை. எடுத்தன். ஒரே ஒண்டுதான் எடுத்தன், அதுக்குள்ள திருப்பி வலைக்குப் போயிட்டார். படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா கண்ணுக்குள்ள மூடியிட வெள்ளை ஒரு சின்னச் சதுரமாத் தெரியிது, இடப்பக்கப் புருவத்தில தூண்டில் கிழிச்ச பழைய தழும்பு, கன்னத்தில ஒட்டியிருந்த ஒரு மீன் செதில் வானத்து வெளிச்சத்தில மினுங்குது. பின்னால படுவான்கரைத் தென்னை ஒவ்வொண்டும் தனித்தனியா, வானம் செம்மஞ்சளில இருந்து நீலத்துக்கு ஏறுது.

அச்சடிக்கக் குடுத்த இடத்தில முதல் பிரதியில மாமாவை வெளுப்பாக்கி, தழும்பையும் அழிச்சுத் தந்தாங்க. நான் கேக்கவே இல்ல, எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறதாம். திருப்பிக் குடுத்து, நிறத்தில ஒண்டும் கை வைக்காம அடிச்சுத் தாங்க எண்டு சொல்லி, நானே ஒரு கால் ஸ்டொப் மட்டும் கூட்டி வேற பைல் குடுத்தன், ஏனெண்டா திரையில பாக்கிறதை விடக் கடதாசியில அனேகமா ஒள்ளம் இருட்டித்தான் வரும். ரெண்டாவது பிரதி சரி.

கண்ணாடி போட்டு பிரேம் பண்ணி, மாமி காட்டின இடத்தில, வாசலுக்கு நேர இருக்கிற சுவரில ஆணி அடிச்சு மாட்டினம். மாமி நாலடி பின்னால போய் நிண்டு பாத்தா. வாசலுக்கால வந்த வெளிச்சம் முழுக்கக் கண்ணாடியில விழுந்து வெள்ளை வானமாத் தெரிஞ்சுது, மாமாவைக் காணல்ல. "இஞ்ச பாருகா, மறுகாவும் ஆளைக் காணல்ல" எண்டு சொல்லி, ஆணியைக் கழட்டி, பக்கத்துச் சுவரில தானே இடம் பாத்து, விரலால தொட்டுக் காட்டினா. அங்கதான் இப்ப இருக்கு.